ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கி

என் கணவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் குளிர்க் கோட்டை ஆணியில் கொழுவிவிட்டு, குசினி மேசையில் பழைய பிரெஞ்சுப் பேப்பரை விரிப்பார். பிறகு படுக்கையறை அலுமாரிக்குள் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, பிஸ்டலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். குருவானவர் நற்கருணையைக் கொண்டுவருவது போல இருக்கிறதே என்று ஒருமுறை எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்காக அடுத்த கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

நான் மன்னாரிலிருந்து கலியாணம் பேசி மொன்றியலுக்கு வந்தபோது அந்தப் பிஸ்டல் எனக்கு முன்னரே வீட்டில் இருந்தது. அவர் வேலை செய்த லேத் பட்டறையில் போர்மனாக இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஓய்வு பெறும்போது இவரிடம் விட்டுப்போனது. பெல்ஜியத்தில் செய்தது. எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. கறுப்பில் நீலம் ஓடிய இரும்பு. பிடிக்கு மரம் பதித்திருந்தது. லைசென்ஸ், பதிவு எல்லாம் ஒழுங்கு. விசைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு, தோட்டாக்களுக்கு வேறொரு பூட்டு. மாதத்தில் ஒருநாள் கிளப்புக்குக் கொண்டுபோய்க் கடதாசி வட்டத்தில் சுட்டுவிட்டு வருவார். சட்டத்துக்குப் பிழையாக அவர் ஒன்றுமே செய்யவில்லை. இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கழற்றித் துடைக்கும் வேலையை அவர் அவசரமில்லாமல் செய்வார். முதலில் தோட்டா அடைக்கும் மகசீனை உருவி ஒருபக்கம் வைப்பார். பிறகு மேற்புறத்து இரும்பைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் பார்த்து, சின்னி விரலை விட்டும் பார்ப்பார். அந்த மேற்புறத்து இரும்புக்கு ஸ்லைட் என்று பெயர். பக்கத்திலுள்ள சிறிய லீவரைத் தட்டினால் அது முழுவதுமாக முன்னால் வழுக்கிக் கழன்று வரும். அதற்குள் குழலும் ஸ்பிரிங்கும் இருக்கும். எல்லாவற்றையும் பேப்பரில் வரிசையாக வைத்தபின் பார்த்தால் துப்பாக்கி மாதிரியே இருக்காது. தையல் மெசினைப் பிரித்து வைத்தது போலக் கிடக்கும். குழலுக்குள் பித்தளைத் தும்பு வைத்த நீட்டுப் பிரஷை விட்டு இழுப்பார். பிறகு ஒரு போத்தல் மருந்தில் துணித்துண்டை நனைத்து விடுவார். துண்டு கறுத்து வரும். வெள்ளையாக வரும்வரை துண்டுகளை மாற்றிக்கொண்டே இருப்பார். கனிந்த வாழைப்பழத்தையும் மண்ணெண்ணெயையும் கலந்தது போன்ற அந்த மணம், அடுப்பில் வேகும் இறைச்சிக் கறிக்குள்ளும் இறங்கிவிடும்.

நான் வந்த முதலாவது ஞாயிறு இது எதுவும் எனக்குத் தெரியாது. மேசைக்கு முதுகு காட்டி நின்று தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். பின்னால் இரும்பு இழுபட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. சட்டி கையை விட்டுப் போய்விட்டது. நான் நிலத்தில் கிடந்தேன், காதிரண்டையும் பொத்தியபடி.

அவர் எழும்பி வந்து தூக்கினார். அன்றைக்கு அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். என்ன என்று கேட்டார். நான் சொன்னேன்.

என் அண்ணனை எங்கள் வீட்டுப் படலையடியில் வைத்துச் சுட்டார்கள். சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணன் படலையைத் திறந்து "என்ன தம்பி?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நான் கிணற்றடியில் அவர் இடுப்பில் கட்டும் சாரத்தைத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். வெடிக்கு முன்னர் அந்த இரும்புச் சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று யோசிக்கும் அளவுக்கு எனக்கு நேரம் இருந்தது. அவரைக் கூப்பிடத்தான் நேரம் இருக்கவில்லை.

இதை அதற்கு முன் நான் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. கணவனுக்குச் சொல்லவேண்டிய விஷயம் என்று நினைத்துச் சொன்னேன்.

"அப்ப உந்தச் சத்தம்தான் உனக்குப் பயமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"வெடிச் சத்தம் இல்லையோ?"

"அது பேந்து வந்தது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு என் முதுகைத் தடவினார்.

அந்த வருஷ நத்தார்ப் பண்டிகைக்கு அவருடைய கூட்டாளிகள் குடும்பமாக வந்திருந்தார்கள். நான் கட்லெட் தட்டோடு முன்னறைக்குள் போனேன். கதவுக்குப் பின்னால் அவர் நின்றிருக்கிறார். "இஞ்சை பாருங்கோ, ஒரு வேடிக்கை காட்டுறன்" என்று அவர் சொன்னதை நான் கேட்டதும் ஸ்லைட்டை அவர் இழுத்து விட்டதும் ஒன்றாக நடந்தது. கட்லெட் எல்லாம் கம்பளத்தில் உருண்டது. நான் சுவரோடு ஒட்டிப்போய் நின்றேன். ஆண்கள் சிரித்தார்கள். அவர்தான் எல்லோருக்கும் மேலால் சிரித்தார்.

"வெறும் பிஸ்டல், குண்டில்லை. எப்பிடித் துள்ளினவ எண்டு பாத்தீங்களே?"

வந்திருந்த ஒரு பெண் குனிந்து என்னோடு சேர்ந்து கட்லெட் பொறுக்கினாள். "உவர் பகிடிக்குத்தானே செய்தவர். மனசிலை வைச்சிருக்காதையுங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டு விருந்துகளில் வழக்கமாகிவிட்டது. புதிதாக யாராவது வந்தால் பழைய ஆட்களே கேட்பார்கள்: "அண்ணை, அதை ஒருக்காக் காட்டுங்கோவன்." நான் துள்ளியபின் அவர் காரணம் சொல்லுவார். என் அண்ணனின் சாவை அவரே சொல்லுவார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார். சைக்கிளில் வந்தவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். அண்ணன் ஓடினான் என்று ஒருமுறை சொன்னார். அண்ணன் ஓடவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இவரும் அப்போது அங்கே நின்றார் என்றுதான் விளங்கும். அவர் பதினாறு வயதிலேயே ஜெர்மனிக்குப் போனவர். ஊரில் ஒரு செல்குண்டு விழுந்ததைக்கூடக் கேட்காதவர். அதை எவரும் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்றைக்குக் கொடியில் போட்ட அந்தச் சாரத்தை நான் வைத்திருந்தேன். நீலக் கோடு போட்டது. விசாவுக்குக் காத்துக் கொழும்பில் லொட்ஜில் இருந்த மாதங்களிலும் அது என் பெட்டியின் அடியில் கிடந்தது. இங்கே வந்தும் உடுப்புகளுக்குக் கீழே வைத்திருந்தேன். அழுவதற்கென்று எடுப்பதில்லை. இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு கறிக்கு உள்ளி உரித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது மேசையில் சதுரம் சதுரமாக வெட்டிய துணி அடுக்கியிருந்தது. மேலே கிடந்த துண்டில் நீலக் கோடு. ஒரு துண்டு ஏற்கனவே குழலுக்குள் போய்க் கறுத்து வந்திருந்தது.

"உது எங்கை எடுத்தனீங்கள்?"

"உன்ரை பெட்டிக்குள்ளை கிடந்தது. பழஞ்சாரம்தானே. நல்லாத் தோய்ச்சுத் தோய்ச்சு மெத்தெண்டு இருக்கு. உப்பிடித் துணி கடையிலை வாங்கேலாது."

"அது அண்ணான்ரை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தெரியாமல்தான் எடுத்திருப்பார் என்று அந்தக் கணம்வரை நினைத்தேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்து மருந்தில் தோய்த்தார்.

அந்தச் சாரம் முடிய ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. ஒவ்வொரு ஞாயிறும் கறுத்த துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டது நான்தான்.

அதற்குப் பிறகுதான் மேசைக்கு முதுகு காட்டி நிற்பதை விட்டேன். கறியை முதலே சமைத்துவிட்டு அவருக்கு நேர் எதிரே கதிரையில் இருந்தேன். அவருக்கு அது பிடித்திருந்தது. பார்ப்பதற்கு ஆள் இருந்தால் அவர் விளக்கம் சொல்லுவார். எண்ணெய் கூடினால் ஊத்தை பிடிக்கும், குறைந்தால் தேயும். ஸ்லைட் ஓடும் இரண்டு கோட்டிலும் ஒவ்வொரு சொட்டு, பிறகு விரலால் இழுத்து விடவேண்டும். கை வியர்வையில் உப்பிருக்கிறது, தொட்ட இடத்தைத் துடைக்காமல் வைத்தால் மொன்றியல் கோடைப் புழுக்கத்துக்கு ஒரு கிழமையிலேயே கறள் பூக்கும். பழைய ஸ்பிரிங் களைத்துப்போகும், மாற்றவேண்டும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். பிறகு துடைத்தும் கொடுத்தேன். தான் பக்கத்தில் இருக்கும்போது நான் தொட்டால் குற்றமில்லை என்றார். ஸ்லைட் எவ்வளவு தூரம் இழுபட்டு எந்த இடத்தில் போய் அடிக்கிறது, எந்த இரும்பு எந்த இரும்பில் மோதி அந்தச் சத்தம் வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகினேன். ஒருநாள் அவர் இழுத்து விட்டபோது என் உடம்பு பேசாமல் இருந்தது.

அடுத்த விருந்தில் அவர் வழமைபோலக் கதவுக்குப் பின்னால் நின்று இழுத்தார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து ஊற்றினேன். அவர் இன்னொருமுறை இழுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ கிரிக்கெட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

அந்த அவமானத்துக்கு அவர் என்னைச் சும்மா விடவில்லை. எதிர்பாராத இடங்களைத் தேடத் தொடங்கினார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று இழுப்பார். வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றக் குனியும்போது இழுப்பார். மகள் பிறந்து, அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் காதுக்குப் பக்கத்தில் இழுத்தார். நான் துள்ளவில்லை. பிள்ளைதான் முலையை விட்டு வீரிட்டது. "சரி, இவளெண்டாலும் பயப்பிடுறாள்" என்றார்.

மகள் கார்த்ரிக்குப் போகத் தொடங்கிய வருஷம், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் அந்த இடத்திலிருந்து எங்கள் இருவரையும் வரச்சொன்னார்கள். 'எங்கள் ஞாயிறு' என்று படம் கீறச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் பூங்காவும் பனிப் பொம்மையும் கீறியிருந்தார்கள். எங்கள் மகள் ஒரு மேசையைக் கீறி, அதன் மேல் பிஸ்டலைத் துண்டு துண்டாகக் கீறியிருந்தாள். குழல், ஸ்பிரிங், மகசீன், பிரஷ், எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. மேசைக்கு ஒருபக்கம் பெரிய அப்பா. மற்றப் பக்கம் வாயில்லாத அம்மா.

அங்கே இருந்த ஆசிரியை இளம் பெண். என் கணவருக்கு நல்ல பிரெஞ்சு தெரியும். லைசென்ஸை எடுத்துக் காட்டினார். பூட்டுகளைப் பற்றிச் சொன்னார். ஏதோ பகிடியும் விட்டார், அவள் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக "சா வா, மதாம்?" என்று கேட்டாள். சுகமா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். "உய், மெர்சி" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அவள் வேறு எதையோ கேட்டிருக்கிறாள் என்று பல வருஷம் கழித்து எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் கோபப்படவில்லை. "பின்னேர பிரெஞ்சு வகுப்புக்கு இனிப் போகத் தேவையில்லை. பிள்ளையைப் பார். நீ வீட்டிலை ஒழுங்கா இருந்திருந்தா அவள் உப்பிடிக் கீறியிருக்கமாட்டாள்" என்றார். வகுப்பு அதோடு நின்றது. பிறகு கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போய், அங்கே கட்டிலில் கிடந்த கிழவிகளிடம்தான் பிரெஞ்சு பழகினேன். அதனால் என் பிரெஞ்சு இன்றைக்கும் நோயாளியின் பிரெஞ்சு. எங்கே நோகுது, யன்னலைச் சாத்து, என்னை விட்டிட்டுப் போகாதே. இவையெல்லாம் எனக்கு நன்றாக வரும்.

மகள் வளர்ந்து கத்தினோ என்ற ஊருக்கு வேலைக்குப் போனாள். நாங்கள் பார்க்-எக்ஸ்டென்ஷனிலிருந்து வில்லரேக்கு வீடு மாறினோம். மேல்மாடி. வாசல் படி வெளியே வளைந்து இறங்கும். ஒரு தை மாதம் காலையில் அவர் அந்தப் படியில் பனி வழித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த எனக்கு மண்வாரி படியில் தட்டித் தட்டி விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் கைபிடிக் கம்பியில் சரிந்து கிடந்தார். வாய் ஒருபக்கம் போயிருந்தது. நான் உடனே அம்புலன்சுக்கு அடித்தேன். தாமதித்திருப்பேனோ என்று சிலபேர் மனதில் நினைத்தது எனக்குத் தெரியும். தாமதிக்கவில்லை.

பேச்சு திரும்பி வந்தது, கொஞ்சம் குழறலோடு. இடது காலை வைத்து நடக்கவும் பழகினார். வலது கை வரவில்லை. அது மடியில் கிடந்தது. இடது கையிலும் ஒரு நடுக்கம் புதிதாக வந்தது. கிளப்பிலிருந்து ஒரு கூட்டாளி வந்து தோட்டாக்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார். பிஸ்டலைக் கொண்டுபோகச் சட்டம் விடாது என்றார். கைத்துப்பாக்கியை ஆள் மாற்றிக் கொடுப்பதை அரசாங்கம் நிறுத்திவிட்டிருந்தது. விற்கவும் ஏலாது, அன்பளிப்பாகக் கொடுக்கவும் ஏலாது. அவர் இருக்கும்வரை அவரோடு கிடக்கவேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறே கேட்டார்.

"கழட்டித் துடைச்சு விடு. கறள் பிடிச்சிடும்."

நான் பேப்பரை விரித்தேன். பெட்டியைத் திறந்து எடுத்து வந்தேன். மகசீனை உருவினேன், இழுத்துப் பார்த்தேன், விரல் விட்டுப் பார்த்தேன், லீவரைத் தட்டினேன். ஸ்லைட் என் கையில் வழுக்கி வந்தது. அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் திணறுவேன், தான் சொல்லித்தரவேண்டும் என்று நினைத்திருப்பார். நான் ஒன்றும் கேட்கவில்லை. முழுவதையும் வாய் திறக்காமல் செய்து முடித்தேன்.

"தா, ஒருக்கா" என்று இடது கையை நீட்டினார்.

"கை நடுங்குது. விழுத்திப்போடுவியள்" என்று சொல்லிவிட்டு உள்ளே வைத்துப் பூட்டினேன். திறப்பை என் சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். பூசைக்கு நான் தனியே போய் வந்து, அவரைக் கதிரையில் இருத்தி, துண்டுகளை அவருடைய கைக்கு எட்டாத தூரத்தில் அடுக்கினேன். அவர் ஒவ்வொரு முறையும் கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் அதே மறுமொழியைச் சொன்னேன். அது பொய்யில்லை, அவருடைய கை நடுங்கத்தான் செய்தது. உடற்பயிற்சிக்கு வரும் பெண் இடது கையால் அமத்துவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாள். நான் பந்தை எடுத்துவிட்டு அந்த ஸ்பிரிங்கைக் கொடுத்தேன்.

"இதை அமத்துங்கோ. அமத்தினால் பிஸ்டலைத் தாறன்."

அவர் மேசை விளிம்பில் அதை வைத்து அழுத்துவார். பாதிவரை போகும். பிறகு விரல் வழுக்கி, ஸ்பிரிங் பறந்து சுவரில் அடித்து விழும். நான் எடுத்துவந்து திரும்பவும் கையில் வைப்பேன். வாயோரம் எச்சில் வழியும். துடைத்துவிடுவேன், ஆஸ்பத்திரியில் துடைப்பதுபோலச் சுத்தமாக. அவர் அழுத்திக்கொண்டிருக்கும்போது நான் எதிரே இருந்து சாப்பிட்டேன். அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசித்தது.

பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். பிஸ்டலைப் பற்றி ஒருவர் கேட்டார், மரியாதைக்குத்தான். நான் எடுத்துவந்து அவர்கள் முன்னால் கழற்றினேன். பிறகு ஸ்பிரிங்கை என் கணவரின் கையில் வைத்து, "அண்ணைமாருக்கு ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றேன். அவர் செய்யவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்து இருந்தார். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்று பேப்பரில் சொட்டியது. வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்பிப் போனார்கள். எனக்கு அந்தப் பின்னேரம் முழுவதும் உடம்பு லேசாக இருந்தது. பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிறு, நான் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"ஒரு குண்டெண்டாலும் வீட்டிலை விட்டிட்டுப் போயிருக்கலாம் அந்தக் கிளப்காரன்."

"என்னத்துக்கு?"

"உனக்குத் தெரியும் என்னத்துக்கெண்டு."

நான் குழலைக் கீழே வைத்தேன். "இருந்தாலும் என்ன? உங்களாலை ஸ்லைட்டை இழுக்கேலாதே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. சாரத் துண்டைக் கண்ட அன்றைக்கு நான் அவரைப் பார்த்த பார்வை அது. நான் அடுத்த துணியை மருந்தில் தோய்த்தேன்.

மகளுக்கு இவையெல்லாம் தெரியாது. மாதம் ஒருமுறை வருவாள். வரும்போதெல்லாம் "உந்தச் சனியனைப் பொலிசிட்டைக் குடுங்கோ அம்மா" என்பாள். "அப்பாக்கு அதிலைதான் விருப்பம் பிள்ளை. அவரிட்டை மிச்சமிருக்கிறது அது ஒண்டுதானே" என்று சொல்லுவேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் சரியான நல்லவ" என்பாள்.

கடைசியில் லைசென்ஸ் முடியும் காலம் வந்தது. இந்த உடம்போடு புதுப்பிக்க முடியாது என்று அவருக்கும் தெரிந்தது. மகளே பொலிசுக்கு அடித்துப் பேசி ஒருநாள் மத்தியானம் வரச்சொன்னாள். தானும் வந்து நின்றாள். அவர் என்னைக் கூப்பிட்டு, பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டேன். வழங்காத கையைக் கோட்டுக் கைக்குள் விட்டு இழுப்பது கஷ்டமாக இருந்தது.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், மற்றவள் இளம் பெண். நான் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அந்தப் பெண் வெறுமையா என்று பார்த்தாள், இரண்டுதரம் பார்த்தாள். மிகவும் அழகாக வைத்திருக்கிறீர்கள் ஐயா, இவ்வளவு பழையது இப்படி இருந்து நான் கண்டதில்லை என்று பிரெஞ்சில் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"இதை என்ன செய்வீர்கள்?" என்று அவர் குழறிக் கேட்டார்.

உருக்கிவிடுவார்கள் என்று வயதானவர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

என் கணவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். அது கையெழுத்துப் போலவே இருக்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணிடம், ஒருமுறை கையில் பிடிக்கலாமா என்று கேட்டார். அவள் வயதானவரைப் பார்த்தாள். அவர் தோளை உயர்த்தினார், வெறும் பிஸ்டல்தானே என்பதுபோல. அவள் அதை நீட்டப்போனாள். நீட்டும் முன் என்னைப் பார்த்து, "மதாம்?" என்றாள்.

"நோன்" என்றேன். "கை நடுங்கும். விழுத்திப்போடுவார்."

அவள் அதைப் பையில் போட்டாள். அவருடைய கை நீட்டியபடியே இருந்தது. படியில் சப்பாத்துச் சத்தம் இறங்கிப் போய், கார்க் கதவு அடிபட்டு, கார் போன பின்னும் கை அப்படியே இருந்தது. நான் போய் அதை எடுத்து மடியில் வைத்தேன்.

மகள் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, ஒருக்காத்தானே கேட்டவர். குடுத்திருக்கலாமே?"

"குடுத்திருக்கலாம்."

"பேந்து ஏன் குடுக்கேல்லை?"

அவளுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. கட்லெட், சாரம், அவள் பால் குடிக்கும்போது வீரிட்டது எல்லாம். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என் பக்கம் வந்துவிடுவாள். அவள் அப்படி வருவதை நான் விரும்பவில்லை. "எனக்கு விருப்பமில்லை, அதுதான்" என்றேன்.

அவள் கதவைத் திறந்தாள். பிறகு முன்னறைக்குப் போய்த் தகப்பனின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவர் அவளுக்கு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அடுத்த கிழமையே அவள் ஒரு வானோடு வந்து, கட்டில், சக்கர நாற்காலி, மருந்துப் பை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அவரைக் கத்தினோவுக்குக் கூட்டிப்போனாள். என்னை வாருங்கள் என்று கூப்பிடவில்லை. படியில் இறக்கும்போது நான் ஒருபக்கம் பிடித்தேன். அவர் என் தோளில் கை வைக்க மறுத்து, கம்பியைப் பிடித்தே இறங்கினார்.

இப்போது ஆஸ்பத்திரி வேலையில் எனக்குக் காலைச் சிப்ட். ஓய்வு நாளில் ஜான்-டலோன் சந்தைக்கு நடந்து போய்க் கொஞ்சம் மரக்கறி வாங்கி வருவேன். ஒருவருக்கு மட்டும் சமைப்பது இன்னும் சரியாக வரவில்லை, மிஞ்சிப்போகிறது. மகள் கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பாள். அப்பா சாப்பிட்டார், அப்பாவுக்கு டொக்டர் மருந்து மாற்றினார், அப்பா கொஞ்சம் நடந்தார். என்னைப் பற்றி அவர் கேட்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுவாள்.

போன கிழமை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அவருக்கு இப்ப நித்திரை கூட. சாப்பாடும் கனக்க இறங்குதில்லை. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோவன் அம்மா" என்றாள்.

"பாப்பம் பிள்ளை" என்றேன்.

இன்னும் போகவில்லை.